இடமாகச் சுற்றிய மூன்று விசிறிகள்

என்னிடம் பைலட் சான்றிதழ் இருக்கிறது. விமானத்தில் மட்டும் இதுவரை ஏறியதில்லை. வயலுக்கு மருந்தும் உரமும் தெளிக்கிற டிரோனை ஓட்டுவதற்குச் சென்னையில் பத்து நாள் பயிற்சி கொடுத்து, கடைசி நாள் என் போட்டோ ஒட்டிய காகிதத்தை நீட்டினார்கள். அதில் பைலட் என்றே போட்டிருந்தது. எங்கள் ஊர் அடி அண்ணாமலை. பக்கத்தில் ஆசிரமத்துப் பகுதிக்கு எந்தெந்த நாட்டிலிருந்தோ விமானமேறி வந்து, அறை எடுத்துத் தங்கி, சும்மா உட்காரக் கற்றுக்கொள்கிறார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த நான் பறக்கவிடக் கற்றுக்கொண்டேன்.

டிரோன் எங்கள் மகளிர் குழுவின் பன்னிரண்டு பேருக்கும் பொதுவாக வந்தது. முதல் வயலில் ஒழுங்காகப் பறந்தால் ஊரே கூப்பிடும். இல்லாவிட்டால் அதன் கைகளில் துணி காயப்போட வேண்டியதுதான். அந்த முதல் வயல் என் மாமனாரின் அண்ணனுடையது. அவர் சரி என்றால்தான் ஊரில் மற்றவர்களும் சரி என்பார்கள்.

காலையில் குழுப் பெண்களும் ஊர்க்காரர்கள் சிலரும் கூடியிருக்க, வரப்போரம் டிரோனை வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டு, ஆறு விசிறிகளையும் மெதுவாக ஓடவிட்டேன். பெரிய மாமனார் தள்ளிக் குந்தி, ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இன்னாம்மா, மூணு வலமா சுத்துது, மூணு எடமா சுத்துது?"

"அப்படித்தான் மாமா."

"எடமா சுத்துறது சாவுக்கு. என் நெலத்து மேல வேணாம். எல்லாத்தையும் வலமா மாத்திடு."

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவர் வீட்டைத் தாண்டித்தான் கூட்டம் மலையை வலம் வருகிறது. எதிர்ப்பக்கமாக வருகிறவர்களை அவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயிற்சியில் கேட்ட கதையை எடுத்துவிட்டேன். முதன்முதலில் விமானம் செய்த அமெரிக்க அண்ணன் தம்பி இருவரும் சைக்கிள் கடைக்காரர்கள். செயின் போட்டுத்தான் இரண்டு விசிறிகளைச் சுற்றவிட்டார்கள். ஒரு செயினை மட்டும் எட்டு போலக் குறுக்கே முறுக்கிப் போட்டு, ஒரு விசிறியை எதிர்ப்பக்கம் சுற்றவைத்தார்கள்.

"அவுங்க ஊர்ல மலை இருந்துச்சா?" என்றார்.

இதைப் பயிற்சியில் சொல்லித்தரவில்லை. வேறு வழியில் போனேன்.

"மாமா, உங்க கெணத்து மோட்டார போல்ட்டு போடாம ஓடவிட்டா இன்னா ஆவும்?"

"உருண்டுடும்."

"எந்தப் பக்கம்?"

கொஞ்சம் யோசித்தார். "அது சுத்துறதுக்கு எதிர்ப்பக்கம்."

"வானத்துல போல்ட்டு போட எடமில்ல மாமா. ஆறும் வலமா சுத்துனா, டிரோன் ஒடம்பு எடமா சுத்தும். அப்புறம் மொத்தமும் எடம்தான்."

நெல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். தோற்றவர் முகமாக அது இல்லை, பேரம் பேசுகிறவர் முகமாக இருந்தது. "சரி. மொதல்ல நெலத்த ஒரு சுத்து வலமா வரட்டும். அப்புறம் அடி."

வலம் வந்தது. வரப்பில் நின்ற இரண்டு பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். யூரியாத் தண்ணீர் சுமந்த அந்த இயந்திரத்தைக் கும்பிட்டார்களா, ரிமோட்டும் கையுமாக நின்ற என்னையா, தெரியவில்லை. எனக்கென்றே எடுத்துக்கொண்டேன். பிறகு கோடு கோடாகத் தெளித்தேன். விசிறிக் காற்றில் பயிர் படுத்துப் படுத்து எழுந்ததைப் பார்க்க அவ்வளவு பெருமையாக இருந்தது. கடைசிக்கு முந்திய கோட்டில் ரிமோட் கீச்சென்று கத்தியது. பேட்டரி தீரப்போகிறது, திரும்பக் கூப்பிடு என்று அர்த்தம். இன்னும் ஒரு கோடுதானே என்று விட்டுவிட்டேன். பாதிக் கோட்டில் டிரோன் தானாகவே இறங்கி, சேற்றில் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டது.

வரப்பில் சிரிப்பு கிளம்பியது. "பொம்பள கைல குடுத்தா இப்டிதான்" என்று ஒருவர் ஆரம்பித்தார். குழுப் பெண்களின் பக்கம் நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அழுதிருப்பேன்.

பெரிய மாமனார் வேட்டியை மடித்துக்கட்டிச் சேற்றில் இறங்கினார். நானும் ஓடினேன். ஆளுக்கொரு பக்கம் தூக்கி வரப்புக்குக் கொண்டுவந்தோம். இறக்கி வைத்ததும், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நான்தான் வீணா ஒரு சுத்து சுத்தவெச்சேன். பேட்டரி அதுல பூடுச்சு. தப்பு என்னுது."

தண்ணீரோடு வந்திருந்த அவர் பெண்டாட்டி கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவரை நன்றாகப் பார்த்தார். அந்த வாயிலிருந்து அப்படியொரு வார்த்தையை அவரும் கேட்டிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

என்னால்தான் அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை. வெட்கமாக இருந்தது. பேட்டரியைக் கழற்றும் சாக்கில் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இல்ல மாமா, ரிமோட்டு சத்தம் போட்டுச்சு. நான்தான் கண்டுக்கல" என்றேன்.

"எனக்கும் கேட்டுச்சு," என்றார். "வேற பேட்டரிய போடு."