கல்லா மேல் ஒரு டப்பா

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஓர் ஓட்டலில் நான் சப்ளையர். இலை போட்டு, தண்ணீர் வைத்து, இருப்பதையெல்லாம் ஒரே மூச்சில் ஒப்பித்து, சாப்பிட்டு முடித்ததும் பில்லை ஒரு சின்னத் தட்டில் சோம்போடு கொண்டுபோய் வைக்கிற வேலை. இளம் வயதில் தொடங்கினேன். நடுவில் துபாய், மலேசியா, சிங்கப்பூர் என்று சுற்றிவிட்டு, தொடங்கிய ஓட்டலுக்கே திரும்பி வந்து சேர்ந்தேன். கடல் தாண்டிப் போனவன் என்று ஊரில் பெரிதாகப் பேசினார்கள். போன இடத்திலெல்லாம் நான் செய்தது நின்றதுதான்.

நின்று நின்று வலது காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே நீலமாகப் புடைத்துக்கொண்டு, சாயங்காலமானால் வீங்கிவிடும். கணுக்காலுக்கு மேலே ஒரு புண், ஆறுவதும் மறுபடி வாய் திறப்பதுமாக இருந்தது. பெரியாஸ்பத்திரி டாக்டர், "நிக்கிற வேலைய விட்டுடுங்க" என்றார். நல்ல மனிதர். விட்டுவிட்டுச் சோற்றுக்கு என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் வரிசை நீளமாக நின்றது.

வயதான காலத்தில் எனக்கு மிச்சமிருந்தது ஒரே ஓர் ஆசை. கல்லாவில் உட்கார வேண்டும். முதலாளிக்கும் வயதாகிக்கொண்டே போனது. "எனக்கப்புறம் கல்லால நீதான்யா" என்று அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். என் மனைவி களமருதூர்க்காரி. கல்யாணமான நாளிலிருந்து நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் முதுகு போனவள். "இன்னும் கொஞ்ச நாள்தான். அப்புறம் ஒக்காந்த எடத்துல சம்பளம்" என்று அவளிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன். "ஒக்காருங்க, பாக்கலாம்" என்பாள். அதற்கு மேல் அவள் எதையும் நம்புவதில்லை.

எங்கள் தொழிலில் சம்பளம் பேசுகிற விதமே தனி. "சம்பளம் இவ்ளோ. ரெண்டு வேள சோறு. அது போவ டிப்ஸ் வரும்" என்பார்கள். அந்த டிப்ஸ் முதலாளி வீட்டுப் பணம் இல்லை. ஆனாலும் ஏதோ தன் மடியிலிருந்து அவிழ்த்துக் கொடுப்பதுபோலத்தான் சொல்வார். அதைக் காரணம் காட்டியே சம்பளத்தைக் குறைப்பார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள்.

சரி, டிப்ஸ் யார் வைப்பார்கள்? பெரிய நிலக்காரர்கள் வைப்பார்கள் என்று தொழிலுக்கு வந்த புதிதில் நினைத்தேன். அவர்கள் மீதியை ஒன்றுக்கு இரண்டு தடவை எண்ணி மடியில் செருகிக்கொண்டு, ஒரு கை சோம்பையும் அள்ளிக்கொண்டு போவார்கள். கரும்பு லோடு ஏற்றிவிட்டு வருகிற ஆட்கள்தான் சில்லறையைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்திருப்பார்கள். இதில் தத்துவம் ஒன்றும் இல்லை. அன்று கூலி வாங்கியவன் கையில் அன்று காசு இருந்தது, அவ்வளவுதான்.

துபாயில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி டப்பா வைத்திருந்தார்கள். மேசையில் யார் எதை வைத்தாலும் அந்த டப்பாவில் போட்டுவிட வேண்டும். மாதக் கடைசியில் பங்கு பிரிப்பார்கள். மேனேஜருக்குப் பெரிய பங்கு, எங்களுக்குச் சின்னது, பின்கட்டில் பாத்திரம் கழுவுகிறவர்களுக்கு ஒன்றும் கிடையாது. நாங்கள் எதையும் ஒளித்துவிடக் கூடாது என்று யூனிபாரம் பேண்ட்டின் பாக்கெட்டுகளைத் தைத்து மூடியிருந்தார்கள். கைக்குட்டை வைத்துக்கொள்ளக்கூட இடமில்லை. அந்த வெயிலில் வியர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டுதான் பரிமாறினேன்.

மலேசியாவில் நான் இருந்தது வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. அங்கே யாரும் எதுவும் வைக்க மாட்டார்கள். சாப்பிட்டவர் எழுந்து, கை கழுவி, கல்லாவில் காசைக் கட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். முதல் மாதம், நாம் ஏதோ சரியாகக் கவனிக்கவில்லையோ என்று மனசு அடித்துக்கொண்டது. அப்புறம்தான் புரிந்தது, அங்கே அது வழக்கமே இல்லை. சம்பளம் மாதம் பிறந்தால் கைக்கு வந்தது. யாரைப் பார்த்தும் பல்லைக் காட்ட வேண்டியதில்லை. என் வாழ்க்கையில் நான் சிரிக்காமல் வேலை செய்த காலம் அது ஒன்றுதான். இன்றைக்கும் அந்தக் கடையை நினைத்தால் நெஞ்சுக்கு இதமாக இருக்கிறது.

சிங்கப்பூரில் பில்லிலேயே 'சர்வீஸ்' என்று நூற்றுக்குப் பத்து சேர்த்து அடித்துவிடுவார்கள். அது பரிமாறியவனுக்குப் போகிறது என்று சாப்பிட வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அது கடைக் கணக்கில்தான் போனது. எங்களுக்கு அதே சம்பளம்தான். அங்கே கூட இருந்த சமையல் மாஸ்டர் ஒருவர் முன்பு ஜப்பானில் வேலை செய்தவர். அந்த ஊரில் மேசையில் காசை விட்டுவிட்டுப் போனால், மறந்துவிட்டீர்கள் என்று ரோடு வரைக்கும் ஓடிவந்து திருப்பிக் கொடுத்துவிடுவார்களாம். நம் ஊரில் அப்படி ஓடினால் பில்லில் ஏதோ தகராறு என்று நினைத்துச் சாப்பிட்டவரும் ஓடுவார்.

நான் போகாதது அமெரிக்கா. அந்த ஊர்க் கதையை எனக்கு மணலூர்பேட்டைக்காரர் ஒருவர் குடும்பம் சொல்லிக்கொடுத்தது. கரும்பு போடுகிறவர். அமெரிக்காவில் வேலை பார்க்கிற மகளோடு சாப்பிட வந்தார். அந்தப் பெண் தட்டில் நூறு ரூபாய்த் தாள்கள் இரண்டை வைத்தாள். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அப்பா சட்டென்று ஒன்றை எடுத்து மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இவ்ளோ எதுக்கு வெக்கிற? பழக்கத்தக் கெடுக்காத."

"அப்பா, அங்க நெறைய ஊர்ல இவங்களுக்குச் சம்பளம்னு குடுக்கிறதே கொஞ்சம்தான். நாம வெக்கிறதுதான் சம்பளம். வெக்காம வந்தா அசிங்கம்."

"அங்க அசிங்கமா இருந்தா அங்க வெய்யி. இங்க ஒண்ணும் அசிங்கம் இல்ல." என்னைப் பார்த்து, "இன்னாய்யா, நான் சொல்றது சரிதானே?" என்று வேறு கேட்டார்.

"சரிதாங்க" என்றேன். வேறு என்னத்தைச் சொல்வது? மிச்சமிருந்த தாளும் அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

பிறகு போனில் ஸ்கேன் செய்து காசு கட்டுகிற காலம் வந்தது. பில் எவ்வளவோ அவ்வளவு, பைசா பிசகாமல். மீதி என்று ஒன்று வந்தால்தானே தட்டில் விடுவார்கள்? வெறும் சோம்பு மட்டும் கொண்டுபோய்க் கொண்டுவந்தோம். "டிப்ஸ் வரும்" என்று பேசி முடித்த சம்பளம் மட்டும் அப்படியே இருந்தது. என்னோடு வேலை செய்த சப்ளையர்களில் முப்பது வயதுக்காரன் ஒருவன் உண்டு. புதிதாகப் பிறந்த குழந்தைக்குப் பால் பவுடர் வாங்க அவன் என்னிடம் கைமாற்று கேட்டான். என்னிடமும் இல்லை என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் முதலாளியின் மகன் வந்து இறங்கினார். ஓட்டல் படிப்பு படித்து, கப்பலில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். வந்த வேகத்தில் சுவரெல்லாம் பெயிண்ட், மேலே ஏசி அறை. அடுத்ததாக டிப்ஸில் கை வைத்தார். இனி யாரும் தனியாக எடுக்கக் கூடாது, கல்லா மேல் ஒரு டப்பா, வாரக் கடைசியில் எல்லாருக்கும் பங்கு, அவருக்கும் நிர்வாகப் பங்கு ஒன்று. சப்ளையர்கள் ஆறு பேரும் முணுமுணுத்தோம். வந்து விழுகிற கொஞ்சத்திலும் பங்கா என்று வயிறு எரிந்தது.

அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணா, ஃபாரின்லலாம் இப்டிதான்னு இவங்க யாருக்கும் தெரியல. நீங்க பாத்தவரு. நீங்க சொன்னா கேட்டுக்குவாங்க. நீங்க மட்டும் பேசிக் குடுங்க, அப்பா சொன்ன மாரியே கல்லா ஒங்களுக்குத்தான்."

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். "ஆமான்னு ஒரு வார்த்த. அதச் சொல்ல ஒங்களுக்கு இன்னா வலி?" என்றாள். வலி ஒன்றுமில்லை. சொல்லிவிடுவது என்றுதான் முடிவு செய்துகொண்டு போனேன்.

மதியச் சாப்பாடு முடிந்து, டிபனுக்கு முன்னால் கடை காலியாக இருக்கும் நேரம். மேசையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தோம். சின்ன முதலாளி டப்பாவை நடுவில் வைத்தார். "அண்ணனையே கேளுங்க, சிங்கப்பூரு, துபாய்லலாம் எப்டின்னு."

"ஆமா, துபாய்ல டப்பாதான்" என்று ஆரம்பித்தேன். முப்பது வயதுக்காரன் குறுக்கே கேட்டான்.

"அங்க சம்பளம் எவ்ளோணா?"

நான் பொய் சொல்லாதவன் இல்லை. காலையில் போட்ட வடையைச் சாயங்காலம் 'இப்பதான் எண்ணெய்ல இருந்து எடுத்தது' என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்று கால் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. எந்த ஊரிலும் யாரும் எனக்கு முழுசாகக் கொடுத்ததில்லை, அதற்கு இன்னும் நானே சாக்குச் சொல்ல வேண்டுமா என்று ஒரே சலிப்பு. வாய் தானாகப் பேசியது.

"சம்பளம் தனியா இருந்திச்சி. ஒழுங்கா இருந்திச்சி. இங்க வாங்குறத போல பல மடங்கு. அதக் குடுத்துட்டுதான் டப்பா வெச்சான். அந்த டப்பாவும் அநியாயந்தான், அது வேற கத. மலேசியால டப்பாவே இல்ல, சம்பளம் மட்டுந்தான். தம்பி, டப்பா வெக்கணும்னா மொதல்ல சம்பளத்த ஏத்துங்க. டிப்ஸ் வரும், டிப்ஸ் வரும்னு சொல்லிக்கினே இருந்தா ஆரு வூட்ல ஒல கொதிக்கும்?"

கல்லா போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சின்ன முதலாளி கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"நீங்க சொல்றது கரெக்ட்டுதாண்ணா. சம்பளத்த ஏத்திடலாம்."

எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒருவன் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் கேட்டதைக் கொண்டுபோய் வைத்தவன், ஒரு தடவை நாங்கள் கேட்டது வந்தது என்று நினைத்தேன். அன்று ராத்திரி காலைத் தலையணை மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு நன்றாகத் தூங்கினேன்.

மாதம் பிறப்பதற்கு முன் என்னை மறுபடி கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார்.

"அண்ணா, கணக்குப் போட்டுப் பாத்தேன். சம்பளத்த ஏத்துனா ஃபாரின் மாரி ஆளையும் கம்மி பண்ணணும். ஆறு பேரு தேவயில்ல, நாலு போதும். ஒங்களுக்கும் கால் முடியல. வூட்ல இருந்து ஒடம்பப் பாருங்க."

"கல்லா?"

"எல்லாம் ஸ்கேன்தானண்ணா. கல்லாவுக்கு ஆளே எதுக்கு?"

பெரிய முதலாளி அந்தப் பக்கம் சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் கடையில் கூட்டம் இருந்தது, சாப்பிடுகிறவர்கள் முன்னால் குரலை உயர்த்திப் பழக்கமில்லை. தோளில் இருந்த துண்டை மடித்து மேசையில் வைத்தேன்.

வெளியே வரும்போது முப்பது வயதுக்காரன் வாசல் வரைக்கும் ஓடி வந்தான். அவன் நாலு பேரில் ஒருவன். "நல்லாப் பேசுனணா அன்னிக்கு. நீ பேசலன்னா எங்களுக்கு ஏறியிருக்காது" என்றான். குத்திக்காட்டவில்லை. கண் கலங்கிப்போய் உண்மையாகத்தான் சொன்னான். "கொழந்தயப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

மனைவி என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, மறுநாள் நடவுக்கு எந்த வயல் என்று கேட்டுவர வெளியே போனாள்.

கொஞ்ச நாள் பார்த்தேன். கள்ளக்குறிச்சியில் எந்த ஓட்டலிலும் என் வயதுக்கு இடமில்லை. மலை மேலே கரியாலூரில் அருவி பார்க்க வருகிறவர்களுக்காகப் புதிதாக ஒரு ஓட்டல் போட்டிருக்கிறார்கள், ஆள் வேண்டுமாம் என்று கேள்விப்பட்டு ஒரு சனிக்கிழமை காலை பஸ் ஏறினேன். ஓட்டல் சரிவில் கட்டியிருந்தது. மேசைகள் ரோட்டு மட்டத்தில் இருந்தன, சமையல்கட்டு கீழே. ஒவ்வொரு தோசைக்கும் படி இறங்கி ஏற வேண்டும். அதைப் பார்த்ததுமே படி ஏறாமலே கால் வலித்தது.

அங்கிருந்த முதலாளி என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். மேலும் கீழும் பார்த்தார்.

"சம்பளம் கம்மிதான் பெரியவரே. ஆனா வர்றவங்க எல்லாம் டூரிஸ்ட்டு. டிப்ஸ் ஜாஸ்தி வரும். ஒத்துக்கினீங்கன்னா இன்னிக்கே நிக்கலாம்."

துபாய், மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தன. விழுங்கிக்கொண்டேன்.

"சரிங்க" என்றேன்.

"கால் இன்னா, சாய்ச்சி நடக்கிறீங்க?"

"ஒண்ணும் இல்லீங்க. பஸ்ல ஒக்காந்துக்கினே வந்தேன், மரத்துப்போச்சி. நின்னா சரியாயிடும்."