சொர்ணம் பார்த்த பனி

பேய், பிசாசு என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போகிற ஆள் நான். பாதி ஆயுசைக் கப்பலில், அதுவும் என்ஜின் ரூமில் எண்ணெய் போட்டே கழித்தவன். மேல் தளத்தில் வேலை செய்கிறவர்கள் கடலுக்குள் அழுகைச் சத்தம் கேட்டது, செத்தவன் நடந்து போனான் என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். கீழே எங்களுக்கு அதெல்லாம் கிடையாது. சத்தம் கேட்டால் எங்கேயோ ஒரு நட்டு லூசு, ஸ்பானரை எடு, அவ்வளவுதான். அப்படியே ஊறிப்போன புத்தி. அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தம் இல்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் நானும்தான் சிரித்திருப்பேன்.

எண்பதுகளின் நடுவில் கப்பலை விட்டுவிட்டு இராஜபாளையத்துக்கே வந்துவிட்டேன். வீட்டில் நானும் என் பெண்டாட்டி சொர்ணமும்தான். பிள்ளை இல்லை. அவள் காயத்துக்குக் கட்டுகிற துணி செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவள். நான் உலகம் பூராவும் சுற்றிய காலத்தில் அவள் அந்த ஒரே கொட்டகைக்குள் துணியை மடித்து மடித்து அடுக்கிக்கொண்டு இருந்தாள். பஞ்சுத் தூசி நெஞ்சுக்குள் போய் இளைப்பாக உட்கார்ந்துவிட்டது. வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது. கார்த்திகை முடிந்து, அய்யனார் கோவில் மலைப் பக்கமிருந்து ஊதல் காற்று இறங்கியதும் ஆரம்பித்துவிடும். படுக்க முடியாது. தலையணையை மடியில் வைத்து அதன்மேல் கவிழ்ந்து உட்கார்ந்தே இருப்பாள். அவள் மூச்சு விடுகிற சத்தம் தெருவுக்குக் கேட்கும்.

நான் சொல்வது தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் வந்த ஒரு மார்கழி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். அவர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னார். "பெரியவரே, இந்தக் குளிரை மட்டும் எப்படியாவது தாண்ட வச்சிருங்க. உடம்புச் சூடு குறையவே கூடாது. இன்னொரு தடவை சளி கட்டிச்சுன்னா எங்கையில ஒண்ணுமில்ல."

வெளியே வந்தால் அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பால்கோவா வாங்குங்க" என்றாள்.

"இப்ப என்னட்டி பால்கோவா?"

"டாக்டரு சொன்னது ஒங்க மூஞ்சியிலயே எழுதிருக்கு. போறவ இனிப்பாத் தின்னுட்டுப் போறேன்."

"வாய மூடிட்டு பஸ்ஸுல ஏறு" என்றேன். ஆனாலும் வாங்கிக் கொடுத்தேன். பஸ்ஸில் பாதியைத் தின்றுவிட்டாள்.

பிறகு நாள் முழுக்க வீட்டுக்குள்தான். ஜன்னலைச் சாத்தி, சாக்கைத் தொங்கவிட்டு, கரி அடுப்பு வைத்தால் புகையில் இளைப்பு கூடும் என்பதால் அதுவும் இல்லாமல், போர்வை போர்வையாகச் சுற்றி அவளை உட்கார வைத்திருந்தேன். வெளியே கோயில் ரேடியோ பாடும், தெருவில் பனி மூட்டமாக நிற்கும். செய்வதற்கு ஒன்றுமில்லை. அப்படி ஒரு காலையில்தான் கேட்டாள்.

"அம்புட்டு ஊரு சுத்துனியளே, ஒரு ஊரையாவது ஒழுங்காச் சொல்லிருக்கியளா? வந்தா சோப்பும் நைலக்ஸ் சேலையும் தூக்கிப் போடுவிய, பொறவு தூங்குவிய."

உண்மைதான். எனக்குச் சொல்ல வராது. இருந்தாலும் வாயில் வந்ததைச் சொன்னேன். முதலில் செங்கடல். இரண்டு பக்கமும் மணல், நடுவில் தண்ணீர், காற்றே இல்லை, இரும்புக் கம்பியைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும், என்ஜின் ரூமில் இருந்து மேலே ஏறி வந்தால் ஈரச் சாக்கைப் போட்டு அதன்மேல் விழுவோம், சாக்கு காய்வதற்குள் தூங்கிவிட வேண்டும். இப்படிச் சொல்லிக்கொண்டே போகிறேன், அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு இருக்கிறாள். திடீரென்று, "அந்த விசிறிய எடுங்க" என்றாள்.

தொட்டுப் பார்த்தேன். கழுத்து வியர்த்து, ரவிக்கை முதுகோடு ஒட்டி இருந்தது. மூச்சுச் சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது.

போர்வைப் புழுக்கம் என்றுதான் நினைத்தேன். மறுநாள் பஸ்ராவைச் சொன்னேன், பேரீச்ச மரத்தடியில் நிழல்கூடச் சுடும் என்று. மறுபடி வியர்வை. அடுத்த வீட்டு மங்கம்மா, தெலுங்கு பேசுகிற வீட்டுக்காரி, ரசம் கொண்டுவந்தவள் சொர்ணத்தின் கையைப் பிடித்துப் பார்த்து, "ஏமி வதினா, என்ன அண்ணி இது, வெந்நியிலயே ஒக்காந்திருந்தியா? இப்படிக் கொதிக்கு!" என்றாள். நானோ லூசான நட்டைத் தேடிக்கொண்டு இருந்தேன்.

தேடினதில் தெரிந்தது இதுதான்: நான் எந்த ஊரைச் சொல்கிறேனோ அந்த ஊர் வெயில் அவள் உடம்பில் விழுகிறது. நம்பினால் நம்புங்கள். அப்புறம் நான் ஏன் என்று கேட்கவில்லை. மருந்து மாதிரி காலையும் சாயங்காலமும் ஒவ்வொரு ஊர். ஏடன், மொம்பாசா, கராச்சி. மார்கழி பாதி வரை கப்பலை வடக்கே திருப்பவே இல்லை. அவள் சோறு கேட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் படுத்தும் தூங்கினாள்.

அப்போதுதான் அடம் பிடித்தாள். "பனி விழுத ஊருக்கு நீங்க போனதே இல்லையா?"

"போனதில்ல."

"பொய்யி. போலந்துக்குப் போயிட்டு வந்து ஒரு மாசம் கால் வீங்கிக் கெடந்தியளே. என்னைய ஏமாத்தி வெயில்லயே சுத்த விடுதிய."

மங்கம்மாவும் சேர்ந்துகொண்டாள். "கூட்டிட்டுப் போங்கண்ணா, டிக்கெட்டா எடுக்கப் போறீங்க?"

நான் முடியாது என்றேன். சொர்ணம் மாத்திரையைத் துப்பினாள். "வாழ்நாளு பூரா வெள்ளத் துணியத்தான் பாத்தேன். ஒரு வெள்ள ஊரையாவது பாக்கேன்" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அன்றைக்கு முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மறுநாள் காலை தூறலும் மூட்டமுமாக இருந்தது. சரி, கப்பல் போகும், தூரத்தில் நின்று பனியைக் காட்டுவேன், இறங்காமல் திருப்பிக்கொண்டு வந்துவிடுவேன் என்று தீர்மானம் செய்துகொண்டுதான் ஆரம்பித்தேன். என் வாய் எங்கே நின்றது? அந்தப் போலந்துத் துறைமுகத்தைச் சொன்னதும் எல்லாம் நேற்று நடந்தது மாதிரி வந்துவிட்டது. கம்பளிக் காலுறை வாங்க நான் ஒற்றையாய் இறங்கிப் போனது, திரும்புகிற வழியில் பனி பறக்க ஆரம்பித்தது, வரிசையாக ஒரே மாதிரி கொட்டகைகள், எந்தப் பக்கம் போனாலும் வெள்ளைச் சுவர், கப்பல் கிளம்பப் போகிறது என்று சங்கு ஊதுகிறது, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. கால் மரத்துப் போய் ஒரு சுவர் ஓரமாக உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் குளிரே இல்லை, நல்ல தூக்கம் வந்தது என்று சொல்லிக்கொண்டே அவளைப் பார்த்தேன்.

உதடு நீலம் பாரித்து இருந்தது. கை ஐஸ் மாதிரி. நெஞ்சில் இரைச்சலே இல்லை. அத்தனை நாள் அந்தச் சத்தம் நிற்க வேண்டும் என்று வேண்டியவன், அது நின்றதும் பதறிப்போனேன். பிடித்து உலுக்கினேன். "செங்கடல், சொர்ணம், செங்கடலுக்கு வந்திரு, வெயிலப் பாரு" என்று கத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. கப்பல் போலந்தில் நிற்க அவளை மட்டும் எப்படிச் செங்கடலுக்குக் கொண்டுபோவது? மங்கம்மா ஓடி வந்து அவள் காலைத் தேய்த்தாள், அழுதாள்.

அப்போது சொர்ணம் கண்ணைத் திறக்காமலே முந்தானையை எடுத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டினாள். கம்பெனியில் பெண்கள் பஞ்சு பறக்கும்போது கட்டுகிற கட்டு அது, முடிச்சு இடது காதுக்குப் பின்னால் வரும். பனியைப் பஞ்சு என்று நினைத்துவிட்டாள். துணிக்குள்ளிருந்து திட்டினாள்.

"எந்திரிங்க! எங்க வந்து ஒக்காந்திருக்கிய? கூறு இருக்கா ஒங்களுக்கு? சங்கு அங்கிட்டு ஊதுது, இங்கிட்டுப் போறிய!"

மங்கம்மா அவள் காலைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்துவிட்டாள்.

இப்போது நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, அதுவரை நான் யாருக்கும் சொல்லாதது. அந்தத் துறைமுகத்தில் நானாக எழுந்திருக்கவில்லை. ஒரு பெண்பிள்ளை வந்து முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்து, மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். முகத்தில் துணி கட்டியிருந்தாள். ஏதோ திட்டினாள். அந்த ஊர்ப் பாஷை என்று நினைத்துக்கொண்டேன். துறைமுகத்து கேட் பக்கத்தில் விட்டுவிட்டாள். நான் கப்பலைப் பார்த்ததும் ஓடினேனே தவிர, நன்றி சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் சொர்ணத்துக்கு இருமல் வந்தது. இருமி இருமி கட்டியாகச் சளி வெளியே வந்து விழுந்தது. கண்ணைத் திறந்தாள். வெந்நீர் குடித்தாள்.

"கேட்டுல கொண்டாந்து வுட்டேன். திரும்பிக்கூடப் பாக்காம ஓடுறிய" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள்.

டம்ளரை வாங்கிக் கீழே வைத்தேன். அவளே மறுபடி, மெதுவாக, மங்கம்மா அந்தப் பக்கம் போனதும் சொன்னாள்.

"அங்கன ரெண்டு பேரு ஒக்காந்திருந்தாக."

"நான் ஒத்தையிலதான போனேன்?"

"ரெண்டு பேரும் நீங்கதான். ரெண்டு பேரும் 'சொர்ணம்'னு கூப்பிட்டிய. எனக்கு ஒருத்தரத் தூக்கத்தான் தெம்பு இருந்துச்சு. கைய நீட்டுனவியளக் கூட்டிட்டு வந்துட்டேன்."

அந்த மார்கழியை அவள் தாண்டிவிட்டாள். டாக்டர் குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டுப் பார்த்து, "என்ன பெரியவரே, நெஞ்சுச் சளி பாதி காலியாயிருக்கு!" என்று சந்தோஷப்பட்டார். அதற்குப் பிறகும் சில வருஷம் நல்லபடியாக இருந்தாள். நான் ஊர்க்கதை எதுவும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. எப்போதாவது சாப்பாடு போடும்போது என்னை உற்றுப் பார்ப்பாள். "என்னட்டி?" என்றால், "ஒண்ணுமில்ல" என்பாள்.

அவள் போனது ஒரு சித்திரை மாதம். தார் ரோடு இளகுகிற வெயில். இளைப்பே கிடையாது, இரண்டு நாளாகச் சோர்வு, அவ்வளவுதான். மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, பெட்டியில் இருக்கிற சிவப்புக் கம்பளியை எடுத்துத் தரச் சொன்னாள்.

"இந்த வெயில்லயா?"

"எனக்கில்ல" என்றாள். "அங்கன பனியில அவிய ஒத்தையில ஒக்காந்திருக்காகல்லா."

எடுத்துக் கொடுத்தேன். நெஞ்சோடு கட்டிக்கொண்டு திரும்பிப் படுத்தாள். நான் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் மங்கம்மா வந்து தொட்டுப் பார்த்துவிட்டு அலறினாள். திருப்பிப் படுக்க வைத்தபோது அவள் கையில் கம்பளி இல்லை. பாயைத் தூக்கிப் பார்த்தோம், பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தோம், யாராவது எடுத்தார்களா என்று கேட்டோம். இன்றைக்கு வரை கிடைக்கவில்லை.

இத்தோடு விட்டிருந்தால்கூட, எங்கேயோ ஒரு நட்டு லூசு என்று நான் சமாதானம் ஆகியிருப்பேன். ஆனால் அந்தச் சித்திரைக்குப் பிறகு எனக்குக் குளிர் தெரிவதில்லை. மார்கழி விடியலில் தெருவே குல்லாவும் மப்ளருமாகப் போகும், நான் வெறும் துண்டோடு வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். "அண்ணா, சளி பிடிக்கும், உள்ள போங்க" என்று மங்கம்மா சத்தம் போடுகிறாள். என் தோளைத் தொட்டுப் பாருங்கள். கம்பளிக்குள் இருந்து இப்போதுதான் எடுத்த மாதிரி வெதுவெதுப்பாக இருக்கும்.