கட்டிலுக்கு மாறிய மதியம்

கட்டிடங்களைச் சுற்றிக் கட்டும் சாரத்தைச் சோதித்துப் பச்சைச் சீட்டு மாட்டுவது அவள் வேலை. சீட்டு இல்லாமல் ஒருவரும் மேலே கால் வைக்க முடியாது. பதினோரு வருடமாக ஒவ்வொரு குழாயையும் கையால் உலுக்கிப் பார்த்தவள். மனசு ஒப்பாவிட்டால் "இன்னொரு தடவை" என்பாள். வேலையிடத்தில் அதுவே அவளுக்குப் பட்டப்பெயராகி ஒட்டிக்கொண்டது.

அன்று விடுமுறை. ஆனாலும் காலையிலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முந்தின நாள் இரண்டரை வயது மகள், வாண்டு, கம்பித் தொட்டிலின் விளிம்பில் காலைப் போட்டு, குதிரை ஏறியவள் மாதிரி உட்கார்ந்து சிரித்திருந்தாள். தலைகுப்புற விழுமுன் கட்டிலுக்கு மாற்றியாக வேண்டும். முதல் சோதனை, இன்றைய மதியத் தூக்கம்.

தாழ்வான கட்டில்தான். மெத்தைக்கும் தடுப்புக்கும் நடுவே விரல் நுழைகிறதா என்று பார்த்தாள். ஜன்னலை விட்டுத் தள்ளிப் போட்டாள். திரைச்சீலைக் கயிற்றை எட்டாத உயரத்தில் சுருட்டிக் கட்டினாள். தடுப்பை உலுக்கினாள். மறுபடியும் உலுக்கினாள்.

"நீ உலுக்குற உலுக்குல நல்லா இருக்கிறதும் கழண்டுடும்," என்றான் பஸ் ஓட்டும் கணவன்.

"கழண்டா இப்பவே கழலட்டும்."

"பயணி ஏறலாமா மேடம்?"

வாண்டு தானே ஏறிப் படுத்து, இருவரையும் "போ, போ" என்று விரட்டினாள்.

அடுக்களையில் அவள் ஒரே டம்ளரை மூன்றாம் முறை கழுவிக்கொண்டிருந்தபோது, கரகரவென்று மரம் உரசும் சத்தம். கட்டில் சத்தம் இல்லை. ஓடினாள்.

வாண்டு துணி அலமாரியின் கீழ் இழுப்பறையைத் திறந்து, அதற்குள் நின்று, மேல் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தாள். அலமாரி முன்னால் சாய்ந்துகொண்டிருந்தது. அம்மா பாய்ந்து தோளால் முட்டுக் கொடுத்தாள்.

"பிள்ளையத் தூக்குங்க!"

பின்னாலேயே ஓடி வந்தவன் தூக்கினான். கீறல்கூட இல்லை. அலமாரியை நிமிர்த்திவிட்டு அவள் தரையில் உட்கார்ந்தாள்.

"ஆளு நிக்கிற எடத்த மட்டும் பாக்காதீங்க, கையெட்டுற எடத்தையும் பாருங்கன்னு தினமும் கத்துறவ நான். தொட்டில்ல தனியா விட்டுட்டுப் போனவரைக்கும் இது அவளுக்கு எட்டல. இன்னைக்கு ரூம் முழுக்க எட்டும். எனக்குத் தோணல பாருங்க."

"உன் மூளையும் இன்னைக்கு லீவுல இருந்திருக்கும்." சொன்னவன் பிள்ளையைக் கீழே விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தான்.

கருவிப் பையைக் கொண்டுவந்தாள். சுவரைத் துளைத்து, இரண்டு இரும்புப் பட்டைகளால் அலமாரியை இறுக்கினாள். பிறகு முட்டி போட்டு, மகளின் உயரத்திலிருந்து அறை முழுவதும் தவழ்ந்து பார்த்தாள். பிள்ளையின் கைக்கு எட்டும் பிளக் துளைகளை மூடினாள். வந்து அலமாரியை உலுக்கினாள். அசையவில்லை. இன்னொரு தடவை.

அப்பாவின் கையிலிருந்து இறங்கிய வாண்டு பக்கத்தில் வந்து நின்று, நாக்கைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் தள்ளினாள்.

"ஆடல," என்றாள் கறாராக. போய்ப் படுத்துக்கொண்டாள்.

அம்மாவுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. பிள்ளை தூங்கி எழும்வரை கதவோரத்தில் முதுகைச் சாய்த்து, அலமாரியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.