நாற்பத்திரண்டாம் இலக்கம்

பாரிசில் எங்கள் சனம் கடை போட்டுக் கூடுகிற லா ஷப்பலில் எவரிடம் எதைக் கேட்டாலும் "தெரியாது" என்ற பதில் மட்டும் கிடைக்காது. தபாற் கந்தோருக்கு வழி கேளுங்கள். கேட்ட மனிதர் பாரிசுக்கு வந்து மூன்று நாள்தான் ஆகியிருக்கும், ஆனாலும் கையை நீட்டி, இரண்டாவது வளைவு, பிறகு இடப்பக்கம் என்று அனுப்பிவைப்பார். நானே ஒருமுறை குடிவரவு அலுவலகம் தேடியவரை நகரத்துக்கு வெளியே ஸ்தேன் போகும் பேருந்தில் ஏற்றிவிட்டிருக்கிறேன். அவர் இன்னும் திரும்பி வந்து நன்றி சொல்லவில்லை.

இப்படிப்பட்ட ஊரில் என் நண்பர் மட்டும் எப்படி வேறு மாதிரி இருப்பார்? அவர் ஒரு பீட்சாக் கடையின் சமையலறையில் இருபது வருடமாக வேலை செய்கிறவர். மகளுக்கு ஒரு பிரெஞ்சுப் பையனோடு நிச்சயமான நாளிலிருந்து அவரை நாங்கள் "சம்பந்தி" என்றுதான் கூப்பிடுவது. பையனின் வீடு ஆல்ப்ஸ் அடிவாரத்தில். அங்கே பனிச்சறுக்குத் தெரியாத மனிதன், எங்கள் பக்கத்தில் சைக்கிள் ஓட்டத் தெரியாத மனிதனைப் போல. அங்கே விருந்துக்குப் போன இடத்தில் பையனின் தகப்பன் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"ஸ்கி விடுவீங்களோ எண்டு கேட்டார், மச்சான்," என்று தேநீர்க் கடையில் வைத்துச் சம்பந்தி எங்களிடம் சொன்னார். "பிள்ளை பக்கத்திலை இருக்கிறாள். தெரியாதெண்டு எப்பிடிச் சொல்லுறது? கொஞ்சம் கொஞ்சம் எண்டிட்டன்."

"பேந்து?"

"என்ன நீளம் பாவிக்கிறனீங்கள் எண்டார். நாப்பத்திரண்டு எண்டன்."

"அது உன்ரை சப்பாத்து அளவெல்லோ?"

"ஏன், ஸ்கியைத் தலையிலையே போடுறது? காலிலைதானே!"

நாங்கள் மேசையைத் தட்டிச் சிரித்தோம். பையனின் தகப்பன் சிரித்தாராம், வைனை இன்னும் கொஞ்சம் ஊற்றினாராம். டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு எல்லோருமாக மலைக்குப் போவோம் என்றாராம்.

சிரித்து முடித்த பிறகுதான் சம்பந்தி மிச்சத்தைச் சொன்னார். மகள் சின்ன வகுப்பில் படித்தபோது பள்ளிக்கூடத்தில் ஒரு கிழமை பனிமலைக்குக் கூட்டிப்போனார்கள். பிள்ளை காலை முறித்துக்கொள்ளும் என்ற பயத்தில் இவர் கையெழுத்துப் போடவில்லை. வகுப்பு முழுவதும் மலையில். மகள் அந்த வாரம் முழுவதும் வேறொரு வகுப்பின் கடைசி வாங்கில் உட்கார்ந்து படம் கீறினாள்.

"இப்ப அந்தச் சனத்துக்கு நடுவிலை அவள் திரும்பவும் தனிய நிக்கக் கூடாது," என்றார். "நத்தாருக்கு நான் அவளோடை ஏறி நிக்கவேணும். அவ்வளவுதான்."

நத்தாருக்கு முன் பழகிக்கொள்ளப் பனி இருக்கப்போவது இன்னும் சில நாட்களுக்கு மட்டும். மார்ச் முடிந்துகொண்டிருந்தது. ஆல்ப்ஸுக்குப் போனால் பையன் வீட்டுச் சனம் கண்டுவிடும் என்று, பாரிசிலிருந்து ஐந்து மணி நேரத்தில் இருக்கும் வோஜ் மலைகளை முடிவு செய்தோம். மலை என்று நான் சொல்வது மரியாதைக்கு.

பழக்கிவிடும் பொறுப்பைச் சுவிஸ்காரர் எடுத்துக்கொண்டார். அவரும் எங்கள் நண்பர்தான். தங்கை வீட்டில் ஆறு மாதம் சுவிஸில் நின்றவர் என்பதால் அந்தப் பட்டம். பனியைப் பற்றி, பாற்கட்டியைப் பற்றி, கடிகாரத்தைப் பற்றி அவருக்கு மேல் பேச ஆள் கிடையாது. வாகனம் ஓட்டப் புதுச்சேரி அண்ணன் வந்தார். தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார், ஆகவே அவரிடம் நாங்கள் எதுவும் கேட்பதில்லை.

சமையலறை ஆட்களுக்குத் திங்கள்தான் விடுமுறை. காலை ஏழுக்குப் புறப்படுவது என்று திட்டம். ஏழு மணிக்கு எல்லோரும் வந்துவிட்டோம், என்ன ஆச்சரியம். வாகனச் சில்லுகளுக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம் மட்டும் வரவில்லை. பழம் இல்லாமல் மலைப் பாதையில் ஏறுவது புத்தியில்லை என்று சுவிஸ்காரர் தேடிப் போனார். நாலு பழத்தோடு திரும்பியபோது ஏழு முப்பத்தைந்து. திங்கட்கிழமை ராகு காலம் ஏழரைக்குத் தொடங்கிவிடும். ஒன்பது வரைக்கும் வாகனத்துக்குள் உட்கார்ந்திருந்து, மலையில் சாப்பிடக் கொண்டுவந்த புட்டில் பாதியை முடித்தோம்.

புதுச்சேரி அண்ணன் கத்தோலிக்கர். ஸ்டியரிங்கில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "என்னா தம்பி, நம்ம வண்டிக்கு ஞானஸ்நானம் ஆயிடுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

போய்ச் சேர இரண்டு மணி தாண்டிவிட்டது. பச்சைப் புல்லின் மேல் யாரோ காயப்போட்ட ஒற்றை வேட்டியைப் போலப் பனி கிடந்தது, ஓரங்கள் அழுக்காக. நாலரைக்கு எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள் என்று பலகை சொன்னது. உடனே நாங்கள் செய்யவேண்டியதைச் செய்தோம். ஆட்டிறைச்சிக் கறியைத் திறந்தோம்.

"முதல் சாப்பிடுவம். பனி எங்கையும் ஓடாது," என்றார் சுவிஸ்காரர். அது எங்கள் கண் முன்னாலேயே ஓடைபோல ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்கு வாடகைக் கடைக்குப் போனோம். சம்பந்தி நெஞ்சை நிமிர்த்தி, "நாற்பத்திரண்டு," என்றார். கடைக்காரன் அந்த அளவில் சப்பாத்தைக் கொடுத்தான். பிறகு இவரை மேலும் கீழும் அளந்து பார்த்து, நாடி வரைக்கும் உயரமான இரண்டு பலகைகளை எடுத்து நிமிர்த்தி வைத்தான். பலகையின் பக்கத்தில் நூற்று ஐம்பது சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தது.

சம்பந்தி அந்த எண்ணைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"டேய்," என்றார் என்னிடம், மெதுவாக. "நாப்பத்திரண்டு எண்டா எவ்வளவு நீளம் வரும்?"

நான் கையால் காட்டினேன். ஒரு கைக்குழந்தையை ஏந்துகிற அளவு வந்தது.

"அப்ப அந்தாள் அண்டைக்குச் சிரிச்சது..."

"ஓம்," என்றேன்.

அதன் பிறகு அவர் முகத்தில் கறியின் சந்தோசமும் இல்லை. "பிள்ளை பக்கத்திலை இருந்தவள்," என்று மட்டும் இரண்டு தரம் சொன்னார்.

சுவிஸ்காரருக்கு இதெல்லாம் பொருட்டில்லை. சின்னச் சரிவின் உச்சியில் எங்களை நிறுத்தி வைத்து, கைத்தொலைபேசியில் பார்த்த பாடத்தை ஒப்புவித்தார். "குனி! முழங்காலை மடி! சுவிஸிலை ஒருத்தரும் உப்பிடி நிக்கிறேல்லை! இப்ப என்னைப் பார்!" பார்த்தோம். அவர் பக்கவாட்டில் புறப்பட்டு, முகத்தைப் பின்பக்கம் திருப்பியபடியே போய், ஆரஞ்சு நிறத் தடுப்பு வலையை அணைத்துக்கொண்டார். வலைக்குள்ளிருந்தும் கற்பித்தல் நிற்கவில்லை. "கண்டியளே, இப்பிடித்தான் நிப்பாட்டுறது!"

அப்போது எங்களுக்கு மேலே இருந்த பெரிய சரிவிலிருந்து ஓர் உருவம் இரண்டு பக்கமும் அழகாக வளைந்து வளைந்து இறங்கி, எங்கள் காலடியில் பனியைத் தெறிக்கவிட்டு நின்றது. கண்ணாடியைக் கழற்றினால் புதுச்சேரி அண்ணன்.

"அண்ணை! உங்களுக்குத் தெரியுமே?"

"பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தப்ப ரெண்டு குளிர்காலம் மலைலதான்."

"பேந்தேன் சொல்லேல்லை?"

"நீங்க யாரும் கேக்கலையே."

நான்கு கிழமையாகத் திட்டம் போட்டிருக்கிறோம், ஐந்து மணி நேரம் ஒரே வாகனத்தில் வந்திருக்கிறோம். ஒருவர்கூடக் கேட்கவில்லை.

சம்பந்தி அவருடைய கையைப் பிடித்தார். "அண்ணை, எனக்குப் பழக்கிவிடுங்கோ."

"நான் சொல்லிக் குடுத்தா இவர் வலைலேர்ந்து எழுந்து வந்து திருத்துவார்," என்றார் அண்ணன், சுவிஸ்காரரைக் காட்டி. "அதோ அங்க போங்க."

அவர் காட்டிய இடத்தில் நிலத்தோடு ஊர்கிற இயந்திரப் பட்டி ஒன்று நாலு வயது, ஐந்து வயதுக் குழந்தைகளை மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. ஓர் இளம் ஆசிரியை அவர்களை வரிசையாக இறக்கிக்கொண்டிருந்தாள். சம்பந்தி நடந்து போய், தன் மார்பளவுக்கும் வராத அந்த வரிசையின் கடைசியில் நின்றார். தன் முறை வந்தபோது குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிரெஞ்சில், சமையலறைப் பிரெஞ்சில்தான், அவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"எனக்கு இது தெரியாது. பழக்கிவிடுவீர்களா?"

லா ஷப்பலைச் சேர்ந்த ஒருவரின் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை நான் கேட்டது அன்றுதான். வானம் இடிந்து விழவில்லை. ஆசிரியை "நல்லது, வாருங்கள்" என்றாள். கால்களைப் பீட்சாத் துண்டு போல வையுங்கள், முன்பக்கம் கூர், பின்பக்கம் அகலம் என்றாள். இருபது வருடமாக நாளுக்கு நூறு பீட்சா வெட்டுகிற மனிதருக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? முதல் தடவை விழுந்தார். இரண்டாம் தடவை ஒரு சின்னப் பெண்ணோடு சேர்ந்து விழுந்தார், அந்தப் பிள்ளைதான் இவரைத் தூக்கிவிட்டது. பட்டியை நிறுத்தப்போகிறோம் என்று மணி அடித்த பிறகு, கடைசித் தடவையாக முப்பது மீட்டர் நிமிர்ந்தபடி வந்து, தானாகவே நின்றார்.

பலகைகளைக் கழற்றவில்லை. அப்படியே நின்று மகளுக்குத் தொலைபேசி எடுத்தார். கைகள் நனைந்திருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டு என்னைப் பிடிக்கச் சொன்னார்.

"பிள்ளை, அப்பா பொய் சொல்லிப்போட்டன். எனக்கு ஸ்கி தெரியாது."

மகள் பிரெஞ்சில் பதில் சொன்னாள். "தெரியும் அப்பா. நாற்பத்திரண்டு என்றபோதே எல்லோருக்கும் தெரியும்."

"உனக்கு வெக்கமாய் இருந்ததே?"

"இல்லை," என்றாள். "எனக்கும் தெரியாதென்று நான் இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை. எங்கே பழகினேன் நான்?"

சம்பந்தி பனியைப் பார்த்தார். குல்லாவைப் போட்டார், கழற்றினார். ஏதோ சொல்லப்போகிறார், மன்னிப்பாக இருக்கலாம் என்று நானும் தொலைபேசியை இன்னும் கிட்டப் பிடித்தேன். தொண்டையைச் செருமினார்.

"ஒண்டுக்கும் பயப்பிடாதை, பிள்ளை," என்றார். "நத்தாருக்கு அப்பா பழக்கிவிடுறன். லேசான வேலை. பீட்சா மாதிரி."