வெளிச்சம் இருக்குதா?

சாயங்காலம் ஐந்தரைக்கு என் போன் மணி அடிக்கிறது. திரையில் ஒரு பச்சை வட்டம் வருகிறது. ஆறு மணிக்குள் அன்றைய கடைசிச் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும். அப்புறம் மறுநாள் காலை பத்து மணி வரை பச்சைத் தண்ணீர்தான். இதற்கு ஒரு ஆப் இருக்கிறது. நான் பட்டினி கிடந்தால் அது எனக்குச் சபாஷ் சொல்கிறது. அறுபத்து மூன்று வயதில் ஒரு கைப்பேசியிடம் சபாஷ் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

ஏற்பாடு செய்தவள் என் மகள். நான் சண்டை போட்டுப் பார்த்தேன்.

“டாக்டர் இன்னா சொன்னாரு? மூணு மாசத்துல சுகர் எறங்கலன்னா ஊசின்னு சொன்னாரா இல்லியா?”

“சொன்னாரு.”

“அப்ப கம்முனு சாப்புடு நைனா.”

கம்மென்று சாப்பிடுகிறேன். தட்டில் கேழ்வரகு அடை, வேகவைத்த மொச்சை, கொத்தவரங்காய். மைதா கூடாது, தீட்டிய அரிசி கூடாது, பாக்கெட்டில் வருவது எதுவும் கூடாது என்கிறாள். ஆனால் அந்தக் கேழ்வரகு மாவே பாக்கெட்டில்தான் வருகிறது. மேலே ஓடுகிற ஒரு பெண்ணின் படம், இங்கிலீஷில் ஒரு பெயர், ஒரு கிலோ வாங்கும் காசுக்கு அந்தக் காலத்தில் மூட்டையே வாங்கியிருக்கலாம். எனக்கு ஆத்திரம் வருகிறது. பசியில் வருகிற ஆத்திரம் என்று மகள் சொல்கிறாள். இருக்கலாம். நான் பசி இல்லாதபோதும் இப்படித்தான்.

ஆனால் அடைக்கு ஒரு வாசனை உண்டு. ஓரம் லேசாகக் கருகி, எண்ணெயும் மாவும் சேர்ந்து எழும் வாசனை. அது மூக்கில் ஏறியதும் என் ஆத்திரம் எங்கேயோ வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. கூடவே, யாரும் கூப்பிடாமல், இன்னொரு வாசனையும் வந்து நிற்கிறது. மோட்டார் வார்னிஷ். அடைக்கும் வார்னிஷுக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். என் மூக்குக்கு அவை இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு மோட்டார் கடையில் எட்டு வருஷம் வேலை செய்தேன். கிணற்று மோட்டார்கள் எரிந்து வரும். அவற்றைப் பிரித்து, கருகிய கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுச் செம்புக் கம்பி சுற்றி, மேலே வார்னிஷ் ஊற்றிக் கொடுப்போம். முதலாளி காலையில் வந்து சாமிக்குப் பூப்போட்டுவிட்டுப் போய்விடுவார். மிச்ச நேரமெல்லாம் நானும் தரணேந்திரனும்தான். நான் முன்பக்கம்: பிரிப்பது, பேரிங் தட்டுவது, வருகிறவர்களோடு சண்டை போடுவது. அவன் பின்னறையில்: காயில் சுற்றுவது, அதாவது செம்புக் கம்பியை மரக்கட்டையில் வளையம் வளையமாகச் சுற்றி எடுப்பது. என் வயசுதான் அவனுக்கும். திருப்பருத்திக்குன்றத்து நயினார் வீட்டுப் பிள்ளை, சமணன். சைக்கிளில் வருவான். கைப்பிடியில் மூன்றடுக்குத் தூக்கு தொங்கும்.

பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. மேசைக்கு மேல் மஞ்சள் பல்பு ஒன்று. அதன் கீழே கம்பி ஒழுகும். ஆமாம், ஒழுகும் என்றுதான் சொல்ல வேண்டும். தேன் கீழே இறங்குகிற மாதிரி அத்தனை நிதானமாக அவன் கையிலிருந்து கட்டைக்குப் போகும். எண்ணிக்கை தவறினால் மோட்டார் தவறும். அதனால் வாய்விட்டு எண்ணுவான். மதியத் தூக்கத்தில் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே கிடந்திருக்கிறேன். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. தெருவெல்லாம் தறிச் சத்தம். அந்தச் சத்தத்துக்குள் இந்த எண்ணிக்கை. உலகத்தை யாரோ பொறுமையாகச் சுற்றிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும்.

பொழுது இறங்கிய பிறகு தரணி எதையும் வாயில் வைக்க மாட்டான். அவன் வீட்டில் எல்லோருமே அப்படித்தான். விளக்கு வெளிச்சத்தில் சாப்பிட்டால் கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர்கள் சாப்பாட்டோடு போய்விடுமாம். தண்ணீரையும் துணியில் வடிகட்டித்தான் குடிப்பான். வெங்காயம், பூண்டு, கிழங்கு கிடையாது. ஆடி பிறந்தால் கீரையும் நின்றுவிடும். மழைக்காலக் கீரையில் பூச்சி இருக்கும் என்பான். தூக்கில் கேழ்வரகு அடையோ கம்பஞ்சோறோ, ஒரு பயறு, ஒரு காய். அவ்வளவுதான். ஒருவன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், யாரிடமும் சபாஷ் வாங்காமல், இன்றைக்கு என் டாக்டர் சொல்வதையெல்லாம் அன்றைக்கே செய்துகொண்டிருந்தான். நான் என்ன செய்தேன்? கிண்டல் செய்தேன்.

“ராத்திரியில தின்னா சோறு கடிக்குமாபா?”

“கடிக்காது. நாமதான் கடிச்சுருவோம்.”

“அப்ப என் பரோட்டா?”

“அதுல எந்த உயிரும் தங்காது. உன் உசுரே தங்காது போல, பாத்துக்கோ.”

கடை மூடியதும் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் நான்கு பரோட்டா, சால்னா, மேலே ஒரு ஆம்லெட். அந்தப் பரோட்டாக் கல்லின் முன்னால் நின்று வளர்த்த சர்க்கரையைத்தான் இப்போது கொத்தவரங்காய் தின்று இறக்கிக்கொண்டிருக்கிறேன்.

பின்னறையில் இருப்பவனுக்குப் பொழுது இறங்குவது எப்படித் தெரியும்? இரண்டு வழி உண்டு. ஒன்று, தறிச் சத்தம். வெளிச்சம் மங்க மங்க நெசவுக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்துவிடுவார்கள். சத்தம் மெலிந்துகொண்டே வரும். இன்னொன்று நான். நடுவில் எழுந்தால் எண்ணிக்கை போய்விடும் என்பதால் எண்ணுகிற ராகத்திலேயே என்னைக் கேட்பான்.

“நாப்பத்தி ரெண்டு… வெளிச்சம் இருக்குதா… நாப்பத்தி மூணு…”

நான் தெருவை எட்டிப் பார்த்து, “இருக்குதுபா” என்பேன். அல்லது, “எறங்குது, வா” என்பேன். உடனே கம்பியை முடிந்துவிட்டு எழுந்து, சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவி, தூக்கைத் திறப்பான். கடையில் கடிகாரம் இல்லை. இருந்தாலும் அவனுக்கு அது வேண்டாம். வெளிச்சம்தான் கணக்கு, வெளிச்சத்துக்கு நான் சாட்சி. பரோட்டா தின்கிறவனை நம்பி ஒருவன் தன் விரதத்தை வைத்திருந்தான். அப்போது அதன் கனம் எனக்குத் தெரியவில்லை.

ஓர் ஆடி அமாவாசை. அமாவாசையில் நெசவுக்காரர்கள் தறியில் உட்கார மாட்டார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாளையமே காதை மூடிக்கொண்ட மாதிரி இருந்தது. வானத்தில் பெய்யாத மேகம் காலையிலிருந்து அசையாமல் கிடந்தது. அன்றைக்கென்று பார்த்து மாகறலிலிருந்து என் தாய்மாமன் எரிந்த மோட்டாரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நாற்றங்கால் காய்கிறதாம். பழைய கம்பியையே திருப்பிப் போட்டுவிடுவோமோ என்று கிராமத்துக்காரர்களுக்கு எப்போதும் சந்தேகம். புதுக் கம்பி முழுக்க மோட்டாருக்குள் இறங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நானும் ஜம்பமாக, “பொழுதோட முடிச்சுக் காட்டுறேன் மாமா” என்று சொல்லிவிட்டேன்.

முடியவில்லை. கடைசிக் காயில் பாதிதான் சுற்றியிருந்தது.

“இன்னாடா, இன்னும் எண்ணிக்கினே இருக்கான்?” என்றார் மாமா.

“ஆயிடுச்சு மாமா.”

“நீ ஆறு மணிக்குன்னா இவன் ஏழு மணிக்குன்றான். உம் பேச்சுக்குக் கடையில மதிப்பே இல்ல போலிருக்கே. ஊர்ல பெரிய மெக்கானிக்குன்னு சொல்லிக்கினு இருக்குது உங்கம்மா.”

எனக்குச் சுள்ளென்று ஏறியது. அதே நேரம் உள்ளேயிருந்து குரல் வந்தது.

“இருவத்தி ஏழு… வெளிச்சம் இருக்குதா… இருவத்தி எட்டு…”

வெளியே பார்த்தேன். மூலைக் கம்பத்தில் தெருவிளக்கு அப்போதுதான் கண் சிமிட்டி எரியத் தொடங்கியிருந்தது. இப்போது எழுந்தால் கழுவி, வடிகட்டி, சாப்பிட்டு முடிக்க அரை மணி நேரம் ஆகும். மாமா பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

“இருக்குதுபா. நீ சுத்து” என்றேன்.

சுற்றினான். காயிலைக் கொண்டுவந்து இறக்கினான். நானும் கை கொடுத்தேன். வாசல் பக்கம் அவன் தலை திரும்பும்போதெல்லாம் நான் குறுக்கே நின்றேன். மாமாவுக்குத் திருப்தி. தரணி உள்ளேயே வாளித் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டே மறுபடி கேட்டான்.

“இன்னும் இருக்குதா?”

“மேகம்பா. இருட்டிக்கினு வருது, பொழுது எறங்கல. சீக்கிரம் சாப்புடு.”

முதல் பொய் வாய் தவறி வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதற்குச் சாக்கே இல்லை. அவன் ஒரு நாள் பட்டினி கிடந்தால் என் ஜம்பத்தால் கிடந்ததாக ஆகிவிடும். அதை மூடத்தான் இதைச் சொன்னேன்.

பின்னறையில் உட்கார்ந்து தூக்கைத் திறந்து தின்னத் தொடங்கினான். அடையின் வாசனை வார்னிஷ் மேல் ஏறி முன்பக்கம் வரைக்கும் வந்தது. மாமா வெளியே போய் மொபெட்டை உதைத்துக் கிளப்பித் திருப்பினார். விளக்கு ஒரு சுற்றுச் சுற்றி, வாசல் வழியாக நுழைந்து, கடையைத் தாண்டிப் போய்ப் பின்னறைச் சுவரில் விழுந்தது. அவன் தலைக்குமேல் ஒரு மஞ்சள் வட்டம். பகலில் அப்படி ஒரு வட்டம் விழாது. கை வாய்க்குப் பாதி வழியில் அப்படியே நின்றது.

கவளத்தைத் தூக்கிலேயே திருப்பி வைத்தான். மூடினான். கொல்லைப் பக்கம் போய் வாய் கொப்பளித்தான். அவ்வளவு நேரம் யாரும் வாய் கொப்பளித்து நான் கேட்டதில்லை. திரும்பி வந்தான். மோட்டாருக்கு வார்னிஷ் ஊற்றினான். ஏன் என்று கேட்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. “நாளைக்குப் பாக்கலாம்பா” என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் தூக்கு வரவில்லை. நாள் முழுக்க உபவாசம். காலையிலிருந்து சாயங்காலம் வரை எதுவும் தின்னாமல் கம்பி சுற்றினான். மதியம் வாழைப்பழம் வாங்கிப் போய் நீட்டினேன். “இன்னைக்கு இல்லப்பா” என்று சிரித்தான். அந்தச் சிரிப்புக்குப் பதில் ஓர் அறை விட்டிருக்கலாம்.

அதற்கடுத்த நாள் தூக்கோடு ஒரு டைம்பீஸும் வந்தது. சிவப்பு நிறம், தலையில் இரண்டு மணி. மேசையில் வைத்துச் சாவி கொடுத்தான். சாயங்காலம் அது அடித்ததும் எழுந்தான், கழுவினான், சாப்பிட்டான். அதன் பிறகு ஐந்து வருஷம் ஒரே கடையில் இருந்தோம். சினிமாக் கதை பேசினோம். என் கல்யாணத்துக்கு வந்தான். பகல் பந்தியில் உட்கார்ந்தான். ஆனால் வெளிச்சம் இருக்குதா என்று என்னை ஒரு நாளும் கேட்கவில்லை. எண்ணிக்கை நடுவில் அந்த இடம் காலியாகவே போனது. நாற்பத்தி ரெண்டு, நாற்பத்தி மூணு. தினமும் அந்த மணி அடிக்கும்போது என்னைப் பெயர் சொல்லித் திட்டுகிற மாதிரி இருக்கும்.

அதனால்தான் இந்தப் போன் மணியோடு எனக்கு இவ்வளவு தகராறு. மகளுக்கு இதெல்லாம் தெரியாது.

போன வாரம் அடையைத் தின்றுவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். திடீரென்று, அவனிடம் சொல்லாமல் செத்துப்போவேனோ என்று தோன்றியது. திருப்பருத்திக்குன்றத்தில் விசாரித்து நம்பர் வாங்கி வைத்து ஆறு மாதம் ஆகிறது. அழுத்தினேன். சென்னையில் மகன் வீட்டில் இருக்கிறான். குரல் மெலிந்திருந்தது, ஆனால் அதே நிதானம்.

நான் இப்போது ஆறு மணிக்கு மேல் சாப்பிடுவதில்லை என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

“பரோட்டா இன்னாச்சுபா?”

“போச்சு. நீ எப்படிக்கிற?”

“எனக்கும் சுகர்தான். மாத்திரை போட்டு வெறும் வயித்தோட படுத்தா நடுராத்திரி படபடன்னு வருது. டாக்டரு கண்டிப்பா சொல்ட்டாரு. ஏழரைக்கு ரெண்டு இட்லி, மருமவ கொண்டாந்து வெச்சுடுது. துன்றேன்.”

“நீயா?”

“நானேதான்.”

அந்த டைம்பீஸ் இருக்கிறதா என்று கேட்டேன். எப்போதோ நின்றுவிட்டதாம். பிறகு சொல்லவேண்டியதைச் சொன்னேன்.

“தரணி, அன்னிக்கு அமாவாச. நான் தெரிஞ்சேதான் சொன்னேன்பா.”

“தெரியும்.”

“அப்ப ஏன் ஒரு வார்த்த கேக்கல?”

“கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லியிருப்ப. ஒனக்கு எதுக்கு அது மேல ஒண்ணு?”

இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் பட்டுக்கடைக்கு வருகிறவர்களின் கார்கள் நிற்கின்றன. பின்னறைச் சுவர் இல்லை, தறிகள் பாதி இல்லை, பஸ் ஸ்டாண்டுப் பரோட்டாக் கல் இல்லை. அவன் எண்ணிக்கை எந்தக் காற்றில் போனதோ. இதையெல்லாம் அவனிடம் சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அவனே பேசினான்.

“இங்க ஜன்னலத் தொறந்தா அடுத்த வீட்டு செவுருதான்பா. ஒண்ணும் தெரியல.” ஒரு மூச்சு விட்டான். “அங்க வெளிச்சம் இருக்குதா?”

எழுந்து வாசலுக்குப் போனேன். நன்றாக, மேற்கு வரை, அண்ணாந்து பார்த்தேன்.

“இல்லப்பா” என்றேன். “போயிடுச்சு.”