கோதுமைத் துரை

சோரியாங்குப்பத்து ஆற்றங்கரைப் பக்கம் சாமிக்கண்ணுவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. எல்லாருக்கும் அவன் கோதுமைத் துரை. துரை என்றதும் புதுச்சேரிக் கடற்கரையில் தொப்பி போட்டு உலாவுகிற ஆளை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஞானாதிக்கம் பண்ணையில் வருஷம் முழுக்க முழங்கால் சேற்றில் நின்று நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுக்கிற ஆள் அவன். பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் இரண்டு உலக யுத்தங்களுக்கு நடுவே அந்த ஆற்றங்கரையில் கனவு கண்டதற்காகப் பட்டப்பேர் வாங்கிய ஒரே மனுஷன் அவன்தான் என்று நினைக்கிறேன்.

ஞானாதிக்கமும் கிறிஸ்து வேதக்காரர், சாமிக்கண்ணுவும் வேதக்காரன். இருவருக்கும் ஒரே கோயில், ஒரே பூசை. ஆனால் கோயிலுக்குள்ளே ஊர்க்காரர்கள் வலப்பக்கம், சேரிக்காரர்கள் இடப்பக்கம். மாதா திருநாளில் சேரியிலிருந்து வரும் அரிசி தனிப் பானையில் வேகும், அதைச் சேரிக்காரர்களே சாப்பிட வேண்டும். ஊர்க்காரர் வீட்டுக் குதிரில் கிடக்கிற நெல்லும் சாமிக்கண்ணு நட்டு, அறுத்து, தலைச்சுமையாகக் கொண்டுவந்து கொட்டியதுதான். நெல்லாக இருக்கிற வரைக்கும் ஒன்றுமில்லை, அவன் வீட்டு அடுப்பேறிச் சோறானால் தீட்டு வந்துவிடும். இந்தக் கணக்கை எந்த வேதபுத்தகத்திலிருந்து எடுத்தார்களோ, நான் பார்த்ததில்லை.

சாமிக்கண்ணுவுக்கு இதில் கோபம் வந்ததில்லை. ஏக்கம்தான் இருந்தது. தன் கையால் ஒரு வேளை நாலு பேருக்குப் போட வேண்டும், அவர்கள் முகம் சுளிக்காமல் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று மனைவி அமலோற்பவத்திடம் கூடச் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொண்டிருந்தார். பூசையில் தருகிற அப்பம் கோதுமை மாவால் ஆனது என்று அவர் சொன்னது, வாசலில் உட்கார்ந்திருந்த சாமிக்கண்ணு காதில் விழுந்தது.

"ஏன், அரிசி மாவு ஆவாதா?" என்று கேட்டான்.

"ஆவாது. சேசுநாதர் கையில எடுத்தது கோதும அப்பம்."

"அத்த யாரு வெளைவிக்கிறாங்க?"

"சீமையில எவனாவது ஒரு குடியானவன் வெளைவிப்பான். கப்பல்ல மாவா வருது."

அந்த 'எவனாவது ஒரு குடியானவன்' சாமிக்கண்ணுவின் மனசில் ஒட்டிக்கொண்டான். வரப்பில் நடக்கும்போதும் கூழ் குடிக்கும்போதும் அவன் கூடவே வந்தான். முகம் தெரியாத அந்த ஆள் விளைவித்ததை ஊர்க்காரர், சேரிக்காரர், சாமியார் என்று எல்லாரும் முழங்கால் போட்டு வாங்குகிறார்களே. அந்த எவனோ நானாக இருந்தால் என்ன என்று தோன்றிய அன்று, சாமிக்கண்ணு நட்ட நாற்றெல்லாம் கோணலாகப் போயிற்று.

பங்குச் சாமியார் பிரெஞ்சுக்காரர், நெஞ்சு மறைக்கும் தாடி, புத்தகத்தில் படித்த தமிழ். சாமிக்கண்ணு தயங்கித் தயங்கிச் சொன்னதைக் கேட்டு அவர் சிரித்தார்.

"இது உஷ்ண பூமி, சாமிக்கண்ணு. கோதுமை குளிரை விரும்பும்."

"மார்கழியில நம்ம ஊர்லயும் பனி பேயுது சாமி."

அவர் தாடியை நீவிக்கொண்டார். "நல்லது. ஒரு படி கோதுமை கொண்டு வா. அடுத்து வருகிற பாஸ்காத் திருநாளுக்கு, சேசுநாதர் உயிர்த்த நாளுக்கு, அந்த மாவிலேதான் அப்பம்."

விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, சாமிக்கண்ணு அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். புதுச்சேரிப் பெரிய கடைத்தெருவில் சம்பா கோதுமை வாங்கி வந்து, தனக்குத் தெரிந்த பயிர் செய்தான். ஊறவைத்து முளைகட்டினான். குடிசைக்குப் பின்னால் சேறு குழைத்து நாற்றுவிட்டான், பறித்து நட்டான், தண்ணீர் கட்டினான். ஒரு வாரத்தில் மொத்தமும் அழுகி நாறிப் போயிற்று. ஊரே சிரித்தது. கோதுமைத் துரை என்ற பட்டம் அப்போது வந்ததுதான்.

"ஏண்டா துரை, வெளையட்டும்னே வச்சிக்க. ஒன் கோதுமைய எவன்டா துன்னுவான்?" என்றார் ஞானாதிக்கம். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, வெற்றிலை மென்றபடி தமாஷாகத்தான் சொன்னார். சாமிக்கண்ணுவுக்கு அன்று கூழ் இறங்கவில்லை.

மறுவருஷம் ஐப்பசி மழை விட்ட ஒரு மத்தியானம், ஆற்றங்கரைப் பூவரச மரத்தடியில் படுத்தவன் அப்படியே கண்ணயர்ந்தான். கனவில் ஒரு வயல். பனியும் வெயிலும் கலந்து, எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று தெரியாத வயல். இடுப்பளவுக் கதிர்களுக்கு நடுவே சேசுநாதர் நடந்து வருகிறார், பின்னால் சீடர்கள். எல்லாருக்கும் பசி. உபதேசியார் வேதபுத்தகத்தில் வாசித்துக் கேட்ட அதே இடம்தான். சேசுநாதர் ஒரு கதிரைப் பறித்தார், உள்ளங்கையில் கசக்கினார், உமியை ஊதினார், வாயில் போட்டுக்கொண்டார். நம்ம ஊர் ஆள் பச்சை நெல்லைக் கசக்கிப் பார்ப்பதைப் போலவே இருந்தது. அப்புறம் திரும்பி, "இது யாருது?" என்று கேட்டார். என்னுதுதான் சாமி என்று சொல்ல வாயெடுத்தால் குரல் வரவில்லை. வெட்கத்தில் தலை குனிந்தவன் அவர் பாதத்தைப் பார்த்தான். பார்த்ததும் விழிப்பு வந்துவிட்டது.

வீட்டுக்கு ஓடினான். "அமலு, சேசுநாதர் கால்ல சேறே இல்லடி."

அமலோற்பவம் முறத்திலிருந்து தலை நிமிரவில்லை. "அவுரு கடல் மேலயே நடந்தவரு. சேறு எப்பிடி ஒட்டும்?"

"கூட வந்தவங்க கால்லயும் இல்ல. வெறும் புழுதி. வயலுக்குள்ள நடந்து வராங்க, கால்ல புழுதி."

அவள் இப்போது நிமிர்ந்து பார்த்தாள். சேறில்லாமல் வயலில் இறங்கி ஏறிய மனுஷனை அவளும் பார்த்ததில்லை. "அப்ப அது மேட்டுப் பயிருய்யா" என்றாள் மெதுவாக.

கார்த்திகைக் கடைசியில் ஆற்றுப் படுகை மேட்டில், குடிசையளவு இடத்தைக் கொத்திப் புழுதியாக்கி விதைத்தான். சேறு இல்லை, நடவு இல்லை. வாட்டம் கண்டபோது மட்டும் இருவரும் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து தெளித்தார்கள். மார்கழிப் பனியில் ஆறும் கரையும் ஒன்றாகிப்போன காலை நேரங்களில் அந்தப் பச்சை மட்டும் மிதக்கிற மாதிரி தெரியும். வேலைக்குப் போகிற வழியில் சாமிக்கண்ணு அதன் பக்கத்தில் குந்திக்கொண்டு ஜெபம் சொல்வான். பாதி ஜெபத்தில் சொக்கிப்போய் உட்கார்ந்துவிடுவான், பண்ணைக்கு நேரமாகி ஏச்சு வாங்குவான். அந்த மூன்று மாதமும் அவன் தரையில் நடந்தான் என்று சொல்ல முடியாது.

கதிர் வந்தது. மீசை வைத்த கதிர். கிளிகளும் வந்தன. அமலோற்பவம் தகரத்தைத் தட்டித் தட்டித் தொண்டை கட்டிப்போனாள். பாஸ்காவுக்கு முந்தின தவசு காலத்தின் நடுவில் அறுத்து, அவளுடைய பழைய புடவையை விரித்து அடித்துத் தூற்றினார்கள். படியில் கொட்டிப் பார்த்தால் நாலு விரல் குறைந்தது.

"கடையில கொஞ்சம் வாங்கி ரொப்பிடலாமா?" என்றாள் அவள்.

சாமிக்கண்ணு படியை ஒரு தரம் குலுக்கிப் பார்த்தான். ஆசை யாரை விட்டது. "வேணாண்டி" என்றான் கடைசியில். "அவுரு கேட்டா என்னுதுன்னு சொல்ல முடியாது."

குறைப்படியைத் துணியில் முடிந்து கொண்டுபோய்ச் சாமியாரிடம் கொடுத்து, "கொறையுது சாமி" என்றான். சாமியார் அளந்து பார்க்கவில்லை. ஒரு மணியைக் கடித்துப் பார்த்தார், இன்னொன்றைக் கடித்தார். சொந்த ஊர் ஞாபகம் வந்ததோ என்னவோ, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் அவரே புதுச்சேரிக்கு வண்டி கட்டிப் போய், பூசைக்கு அப்பம் சுடுகிற கன்னியாஸ்திரீகளிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

பாஸ்காத் திருநாள் பூசைக்குக் கோயில் கொள்ளாத கூட்டம். சாமிக்கண்ணு இடப்பக்கத்துக் கடைசியில், தூணுக்குப் பின்னால் நின்றான். பிரசங்கம் முடிகிற நேரத்தில் சாமியார் சாவதானமாகச் சொன்னார்: "இன்று நீங்கள் வாங்கும் நன்மை அப்பத்துக்கான கோதுமை நம் சாமிக்கண்ணு இந்த ஆற்றங்கரையில் பயிரிட்டது." தெரியாமல் சொன்னாரா, தெரிந்தேதான் சொன்னாரா என்று ஊரில் இன்றுவரை முடிவாகவில்லை.

வலப்பக்கத்துத் தலைகள் எல்லாம் ஞானாதிக்கத்தைப் பார்த்தன. சாமிக்கண்ணு தூணோடு ஒட்டிக்கொண்டான். இதை ஏன் சொன்னார், சொல்லாமலே போட்டிருக்கலாமே என்று மனசு அடித்துக்கொண்டது. யாரும் எழுந்திருக்காவிட்டால் சேசுநாதர் அல்லவா தட்டிலேயே கிடப்பார், தன்னால். அந்த அவமானத்தைத் தாங்க முடியும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

நன்மை வாங்கும் நேரம் வந்தது. மணி அடித்தது. பீடத்துக்கு முன்னாலிருந்த கிராதிப் பக்கம் ஒருத்தரும் நகரவில்லை. பாஸ்கா காலத்தில் நன்மை வாங்காதவனுக்குச் சாவான பாவம் என்பது ஞானாதிக்கத்துக்கு மனப்பாடம். அதற்காகத்தான் எழுந்தாரோ, வேறு எதற்காகவோ, அவரையே கேட்டால்தான் தெரியும். எழுந்தார், மெதுவாக நடந்தார், கிராதியில் முழங்கால் போட்டார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்தார்.

அப்புறம் அவர் சம்சாரம் வந்தாள். பிள்ளைகள் வந்தார்கள். வலப்பக்கம் முழுக்க வரிசையாக வந்தது, பிறகு சேரி வந்தது. முந்தின ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதமிருந்த அத்தனை வாய்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. சாமிக்கண்ணு தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். கண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கோயில் அந்தக் கனவு வயலாகத் தெரிந்தது, நடந்து போகிறவர்கள் எல்லாரும் பசியோடு அதில் நடப்பதாகத் தெரிந்தார்கள்.

வாங்கிவிட்டு வந்த அமலோற்பவம் அவன் தோளைத் தொட்டாள்.

"இன்னாய்யா, மறந்துட்டியா? நீ போவலியா?"

வாசல்வரைக்கும் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, பந்தி விசாரிக்கிற வீட்டுக்காரனைப் போல அவன் கேட்டான்.

"எல்லாரும் சாப்புட்டாங்களா?"

"சாப்புட்டாங்க."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, கடைசி ஆளாகச் சாமிக்கண்ணு சாப்பிடப் போனான்.