குதிரை எங்கே இருக்கிறது?

எங்கள் வீட்டில் யாருக்கும் துப்பாக்கியோடு பகை கிடையாது, அது ஆண் கையில் இருக்கும்வரை. ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் பார்த்தபோதுதான் இது எனக்கு உறைத்தது.

தெலுங்கு பேசும் குஷாய்குடாவில் எங்கள் வீடு. கல்லூரி என்.சி.சி.யில் இருந்த என் மகளை, புனேயில் நடக்கும் துப்பாக்கி சுடும் முகாமுக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பெற்றோரில் ஒருவர் சம்மதித்தால் போதும். ஒருவர் என்றால் அப்பா என்றுதான் எங்கள் வீட்டில் அர்த்தம். அந்த அப்பாவோ, "அண்ணன் வரட்டும், கேட்டுக்கிடலாம்" என்று நழுவிவிட்டார். ஃபேக்டரியில் ஒரு செக்‌ஷனையே அதட்டி வேலை வாங்குகிற மனிதர், அண்ணன் முன்னால் பெட்டிப் பாம்பு.

கணவரின் அண்ணன் திருநெல்வேலியிலிருந்து வந்தார். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, தனக்குப் பிடித்த படத்தை டிவியில் போடச் சொன்னார். தேயிலைப் பெட்டிகளுக்குள் அபின் கடத்தும் கும்பல். அதைப் பிடிக்க மாறுவேடத்தில் மலையேறும் நாயகன். ஆளுக்கொரு துப்பாக்கி. ரிவால்வரில் குண்டு தீருவதே இல்லை. ஒவ்வொரு வெடிக்கும் தாளிப்பு தீய்ந்த மாதிரி புகை. அவர் தொடையைத் தட்டித் தட்டி ரசித்தார்.

கடைசியில் நாயகனுக்குக் கையில் குண்டடி. விழுந்து கிடந்த கடத்தல்காரனின் ரைஃபிளை நாயகி எடுத்தாள். "குதிரையை இழு!" என்று நாயகன் கத்தினான். அவள் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு சுட்டாள். கூரையில் தொங்கிய விளக்கு உடைந்தது.

என் மகளுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் தெலுங்கில் வரும்; வேண்டாம் என்பதற்கு இந்த ஊர்க்காரர்களைப் போல 'நக்கோ'. "அம்மா, குர்ரம் எக்கட உந்தி?" என்றாள். குதிரை எங்கே இருக்கிறது என்று நிஜமாகவே திரையில் தேடினாள்.

பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "குதிரை தெரியாதவ துப்பாக்கி பிடிக்கப் போறாளாக்கும்!"

எனக்குச் சுருக்கென்றது. "விரலால இழுக்கிற விசையத்தான்ட்டி குதிரைன்னு சொல்லுதாங்க" என்றேன்.

"ஓ, ட்ரிகரா?" என்றவள், நாயகியைப் பார்த்து முகம் சுளித்தாள். துப்பாக்கிக் கட்டையைத் தோளில் பதிக்காமல் இடுப்பில் வைத்துச் சுட்டால் குறி எப்படி விழும் என்று தெலுங்கில் படபடத்தாள். அதை ஒரு சொல் விடாமல் தமிழில் அவருக்குச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே பெருமையாக இருந்தது.

அவர் சிரிப்பு நின்றது. "அதெல்லாம் இருக்கட்டும். பொட்டப்புள்ள துப்பாக்கியத் தூக்கிட்டு அலைஞ்சா, நாளைக்கு மாப்பிள்ள கெடைக்கது குதிரைக்கொம்புதான், பாத்துக்கோ."

கணவர் ரிமோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"கெடைக்காட்டி போகட்டும் அத்தான். ஒருத்தர் சம்மதிச்சா போதும்னாங்க, நான் சம்மதிச்சாச்சு. செவ்வாக்கிழமை அவ புனே போறா. ரயிலேத்திவிட நான் போறேன்" என்றேன்.

குதிரைக்கொம்பு என்றால் என்ன என்று மகள் என் காதில் கேட்டாள். குதிரைக்கு ஏது கொம்பு, கிடைக்கவே கிடைக்காத பொருளை அப்படிச் சொல்வார்கள் என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். ஆள்காட்டி விரலை மடக்கிப் பார்த்துக்கொண்டாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த தமிழில் நிதானமாகச் சொன்னாள்:

"கொம்பு நக்கோ பெரியப்பா. குதிரை போதும்."